புள்ளி போன பலகை

போன வைகாசியில் ஒரு பல் மருத்துவர் போன் செய்தார். "போர்டுல ஒரே ஒரு லைட்டுதான் போயிருக்கு தம்பி, அவசரம் இல்ல, இந்தப் பக்கம் வரும்போது பாருங்க" என்றார். சாயங்காலம் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனவன், வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். வாசலுக்கு மேல் சிவப்பு எழுத்தில் 'பல மருத்துவமனை' என்று எரிந்துகொண்டிருந்தது. 'ல்' எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி அணைந்திருந்தது. உள்ளே காத்திருந்த யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அன்று ராத்திரியே அந்த இடத்து மாட்யூலை, அதாவது விளக்குகள் பதித்த துண்டை, மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஆங்கில எழுத்து ஒன்றின் மேலே இருக்கும் புள்ளி அணைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, வாசித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும், சொல்லே வேறாகிவிடும். எண்ணெய்க் கடை, பால் கடை, கண் மருத்துவமனை என்று நம் ஊரில் பாதிக் கடைகளின் பெயர் அந்த ஒரு புள்ளியை நம்பித்தான் நிற்கிறது.

திருச்சியில் ஏறக்குறைய 20 வருஷமாகப் போர்டு வேலை செய்கிறேன். முதலில் ஒரு ஆர்ட்ஸ் கடையில் பிரஷ் கழுவும் பையன். அப்புறம் ஃப்ளெக்ஸ். இப்போது எல்.இ.டி. போர்டும், டி.வி. திரை மாட்டும் வேலையும். "ஒரு போர்டு வைக்கணும், எது வெச்சா நல்லா இருக்கும்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் வாசலில் வந்து நிற்கிறவர் முதலில் என்ன கேட்பார்? பலருக்கு உடனே பதில் வருவதில்லை. கடைப் பெயர், செல் நம்பர், பண்டிகை வாழ்த்து எல்லாம் வரும். வந்து நிற்கிறவருடைய கேள்வி மட்டும் வராது.

வேலையின் உள்விவரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெருவில் நீங்கள் பார்க்கும் ஓடும் எழுத்து போர்டுகளில் பெரும்பாலானவை பி10 என்ற மாட்யூலால் ஆனவை. ஒரு மாட்யூல் 320 மில்லிமீட்டர் அகலம், 160 மில்லிமீட்டர் உயரம். அதில் குறுக்கே 32, மேலிருந்து கீழாக 16 என்று மொத்தம் 512 விளக்குகள். ஒரு விளக்குக்கும் அடுத்ததற்கும் 10 மில்லிமீட்டர் இடைவெளி, அதனால்தான் பி10. 5 வோல்ட் பவர் சப்ளை, ஒரு கன்ட்ரோல் கார்டு, ரிப்பன் கேபிள், அலுமினிய ஃப்ரேம். அவ்வளவுதான் சாமான். நான்கு மாட்யூலை வரிசையாகக் கோத்தால் நாலடிக்குச் சற்று மேல் நீளமுள்ள போர்டு வந்துவிடும்.

இதில் ஆங்கிலம் எழுதுவது சுலபம். ஐந்து விளக்கு அகலம், ஏழு விளக்கு உயரம் இருந்தால் பெரிய எழுத்து எதுவானாலும் அடங்கிவிடும். பதினாறு வரிசையில் இரண்டு வரி ஆங்கிலம் தாராளமாகப் போடலாம். தமிழுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 'ணி' என்று எழுதினால் மேலே ஒரு வளைவு வேண்டும். 'மு' என்று எழுதினால் கீழே இறங்க இடம் வேண்டும். மேலே நான்கு வரிசை, கீழே நான்கு வரிசை ஒதுக்கிவிட்டால் எழுத்தின் உடம்புக்கு மிஞ்சுவது எட்டு வரிசை. அந்த எட்டுக்குள் ணகரத்துக்கு ஒரு சுழி கூட, னகரத்துக்கு ஒரு சுழி குறைவு என்பதைக் காட்டியாக வேண்டும். கணினியில் இருக்கும் எழுத்துருவை அப்படியே சுருக்கிப் போட்டால் இரண்டும் ஒரே சிவப்புக் கட்டியாகத்தான் தெரியும்.

அதனால் கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு எழுத்தையும் கையால் வரைந்து வைத்திருக்கிறேன். எந்த விளக்கு எரியணும், எது அணைந்திருக்கணும் என்று பென்சிலால் நிரப்பிய கட்டங்கள். ழகரத்துக்கு மட்டும் நாலு பக்கம் போயிருக்கிறது. அதன் கால் திரும்பும் இடத்தில் ஒரு விளக்கை அணைத்தால்தான் எழுத்து பிரிந்து தெரியும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. புள்ளிக்கு இப்போதெல்லாம் ஒரு விளக்கு வைப்பதில்லை. இரண்டுக்கு இரண்டாக நான்கு விளக்கு. ஒன்று போனாலும் மூன்று எரியும்.

இன்னொரு கோளாறு எல்லா ஊரிலும் பார்க்கிறேன். இப்போது வரும் கார்டுகளில் செல்போன் ஆப் வழியாகவே எழுத்தை ஏற்றலாம். கடைக்காரரே 'கொத்து பரோட்டா' என்று தட்டி அனுப்புவார். போர்டில் ககரம் தனியாக, கொம்பு அதற்குப் பின்னால், கால் இன்னும் தள்ளி என்று சிதறி வரும். கணினியும் போனும் எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் எழுத்தை ஒலிக்கிற வரிசையில்தான் சேமிக்கிறார்கள்: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. கொம்பை இழுத்து முன்னால் வைப்பது திரையில் எழுத்தை வரைகிற மென்பொருளின் வேலை. பல மலிவான ஆப்களுக்கு அது தெரியாது. ஆங்கிலம் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிவிடுகின்றன. இதற்கு எளிய வழி, எழுத்தைப் போனிலேயே படமாக மாற்றி ஏற்றுவது. கடைக்காரரின் மகனையோ மகளையோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வருவேன். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அதைச் செய்யாததால் உடைந்த தமிழை நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகளைப் பார்த்தால் எனக்கு வலிக்கும். தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, வேறு மொழிக்கு 2 என்ற விகிதத்தில் எழுத்து இருக்க வேண்டும் என்று பெயர்ப்பலகைக்கு விதி வைத்திருக்கும் மாநிலம் இது. அளவில் பெரியதாக இருந்தால் போதாது, எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும்.

ஏன் எல்லாம் சிவப்பு என்று சிலர் கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் முதல் எல்.இ.டி. 1962-ல் வந்தது, அது சிவப்பு. நீலம் கிடைக்க ரொம்ப வருஷம் ஆயிற்று. ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்த ஷூஜி நகாமுரா 1993-ல்தான் நல்ல பிரகாசமான நீல விளக்கைச் செய்து காட்டினார். இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோவுடன் சேர்த்து அவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சிவப்பு, பச்சையோடு நீலமும் சேர்ந்த பிறகுதான் தெருவில் முழு வண்ணத் திரை வந்தது. ஆனாலும் சின்னக் கடைக்குச் சிவப்பே போதும். விலை குறைவு, தூரத்துக்குத் தெரியும்.

சரி, எழுத்து தெளிவாக வந்துவிட்டது. அதற்கு மேல்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பாட்டி.

ஒரு ரேஷன் கடைக்கு ஆறடி போர்டு மாட்டினேன். ஓட வேண்டிய வாசகத்தை எழுதியே கொடுத்துவிட்டார்கள்: 'அன்பார்ந்த குடும்ப அட்டைதாரர்களுக்கு, இம்மாதத்திற்கான துவரம் பருப்பு மற்றும் பாமாயில் இன்று வழங்கப்பட மாட்டாது.' நானும் ஏற்றிவிட்டு, வேகம் சரியாக இருக்கிறதா என்று எதிரே டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி பையோடு வந்தார். நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். 'துவரம்... பருப்பு... மற்றும்... பாமாயில்...' முகம் மலர்ந்தது. போய் வரிசையில் நின்றுகொண்டார். 'மாட்டாது' என்ற சொல் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிப் போயிற்று. முக்கால் மணி நேரம் கழித்து அவர் வெறும் பையோடு திரும்பி வந்தபோது எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொடுத்ததை ஏற்றினேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வாசகத்தை ஓட விட்டது என் கைதான்.

நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். கூடாது, இல்லை, மாட்டாது, ரத்து என்று விஷயத்தையே புரட்டிப் போடும் சொல் எதுவானாலும் அது வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கும். தாளில் அச்சடித்தால் கண் ஒரே பார்வையில் கடைசிவரை போய்விடும், சிக்கல் இல்லை. ஓடுகிற போர்டில் ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. 'இங்கே வாகனங்களை நிறுத்த' என்பது வரைக்கும் படித்தவர் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு இறங்கியே விடுவார். ஆங்கிலத்தில் 'நோ' என்ற சொல் முதலிலேயே வந்து எச்சரித்துவிடும். அந்த மொழிக்காகச் செய்த ஓடும் எழுத்தை அப்படியே எடுத்துத் தமிழுக்கு மாட்டினால் இப்படித்தான் ஆகும்.

மறுநாள் போய் வாசகத்தை மாற்றினேன். 'அரிசி உண்டு.' 'பருப்பு இல்லை.' 'பாமாயில் இல்லை.' மூன்றே வரி. ஓடாமல், ஒவ்வொன்றும் ஐந்து வினாடி நிற்கும். கடை ஊழியர் "மரியாதையா இல்லையே அண்ணே, அன்பார்ந்த எல்லாம் எடுத்துட்டீங்களே" என்றார். வெயிலில் நிற்க வைக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஓடும் எழுத்தை முடிந்தவரை தவிர்க்கிறேன். வேறு வழியே இல்லை என்றால் முக்கியச் சொல்லை முன்னால் கொண்டுவந்துவிடுகிறேன்: 'விடுமுறை: நாளை புதன்கிழமை.'

என்னைக் கேட்டால் நம் நாட்டிலேயே மிகச் சிறந்த டிஜிட்டல் போர்டு ரயில் நிலைய நடைமேடையில் தொங்கும் பெட்டி எண் காட்டிதான். எஸ்5, பி2 என்று இரண்டே எழுத்து. அசைவு கிடையாது, விளம்பரம் கிடையாது. எந்த இடத்தில் அந்தப் பெட்டி வந்து நிற்குமோ அந்த இடத்துக்கு நேர் மேலே எரியும். 22 பெட்டி வண்டி என்றால் அரை கிலோமீட்டர் நீளம். வண்டி இரண்டு நிமிஷம் மட்டுமே நிற்கும் ஊரில் பெட்டியும் குழந்தையுமாக ஒரு குடும்பம் தப்பான முனையில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே நிற்பது எனக்குப் பிடிக்கும்.

கடைகளில் அதற்கு நிகராக நான் சொல்வது நகைக்கடை வாசலில் இருக்கும் தங்க விலைப் பலகை. 22 காரட், ஒரு கிராம் இவ்வளவு. வெள்ளி ஒரு கிராம் இவ்வளவு. எட்டால் பெருக்கினால் ஒரு பவுன் விலை வந்துவிடும். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் அந்த ஏ.சி. கடைக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஜூஸ் குடித்துவிட்டு வாங்காமல் எழுந்து வர ரொம்பக் கூச்சப்படுவார். தெருவில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால் போதும், கேட்க வந்தது தெரிந்துவிடும். கடைக்காரருக்கும் நஷ்டம் இல்லை. விலை பார்க்க தினமும் நிற்கிறவர் வாங்கும் நாளில் அந்தக் கடைக்குத்தான் போவார். மெஸ் வைத்திருக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். 'சாப்பாடு தயார்', 'சாப்பாடு முடிந்தது' என்று மாற்றிக்கொள்ள ஒரு சின்னப் போர்டு இருந்தால் மூன்று மணிக்குப் பசியோடு படியேறி வருகிறவர் ஏமாற மாட்டார். ஜவுளிக்கடைகளின் பெரிய வீடியோ சுவர்களைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. பார்க்க அழகாக இருக்கின்றன.

நான் ஃப்ளெக்ஸை விட்டு வந்த கதையையும் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் ஒன்று, ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் சரிந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்துபோனார். அந்த பேனருக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதே மாதிரி பேனர்களை நான் நூற்றுக்கணக்கில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். எங்கே கட்டப் போகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு சாலையில் கட்டும் ஃப்ளெக்ஸ் ஒன்றுகூட அடிக்கவில்லை.

அதனால்தான் சாலையோர எல்.இ.டி. திரை விஷயத்தில் கறாராக இருக்கிறேன். மதிய வெயிலில் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தத் திரைகளை வீட்டு டி.வி.யைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பிரகாசமாகச் செய்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அதே அளவில் எரிந்தால் வளைவில் வரும் பைக்காரருக்கு ஒரு நொடி கண்ணே தெரியாது. பொழுது சாய்ந்ததும் தானாக மங்கும்படி வைக்க ஒரு சின்ன ஒளி சென்சார் போதும். அது வேண்டாம், செலவு என்பவர்களுக்குச் சாலையைப் பார்த்த திரை மாட்டித் தருவதில்லை. சிக்னலுக்கு எதிரே படம் ஓட்டவும் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு மூன்று பெரிய வேலை இதனால் கைவிட்டுப் போயிருக்கிறது. போகட்டும்.

திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மட்டும் போதாது என்பதை என் அம்மாவால் தெரிந்துகொண்டேன். மூன்று வருஷம் முன்பு அம்மாவைக் கண் பரிசோதனைக்காக ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டோக்கன் 47. சுவரில் நல்ல திரை, எண் பெரிதாகத் தெரிந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். நான் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது திரையில் 53 ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னும் கூப்பிடலப்பா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் திரையையே கவனித்தேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை டோக்கன் எண் மறைந்து முழு உடல் பரிசோதனை விளம்பரம் திரை முழுக்க வரும். விளம்பரம் ஓடும்போது எண் மாறினால் அது யாருக்கும் தெரியாது. அப்படியே தெரிந்தாலும் கண்ணில் சொட்டு மருந்து விட்டவருக்கு வெளிச்சம் கூசும், எழுத்து கலங்கும். கண் மருத்துவப் பிரிவில், பார்வை மங்கிய முப்பது பேரை உட்கார வைத்துவிட்டு, சுவரைப் பார் என்றால் எப்படி? குரல் கொடுக்க ஆளும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, காலையிலிருந்து இரண்டு இட்லி மட்டும்தான் சாப்பிட்டிருந்தார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. டோக்கன் எண்ணுக்கென்று திரையில் ஒரு பங்கை ஒதுக்கி, விளம்பரம் அதைத் தொடாதபடி செய்வது ஐந்து நிமிஷ வேலை. எண் மாறும்போது தமிழில் அதைச் சொல்லும் குரலைச் சேர்ப்பதும் பெரிய விஷயம் இல்லை. இப்போது நான் மாட்டும் எந்த டோக்கன் திரையிலும் இந்த இரண்டும் இருக்கும். யாரும் கேட்காவிட்டாலும் இருக்கும்.

2023 பிப்ரவரியில் சென்னை சென்ட்ரலில் ஒலிபெருக்கி அறிவிப்பை நிறுத்துகிறார்கள், இனி திரைகளைப் பார்த்தே பயணிகள் தெரிந்துகொள்ளலாம் என்ற செய்தி வந்தபோது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார். அமைதி நல்லதுதான், அந்த இரைச்சலில் தலை வலித்திருக்கிறது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாமல் கட்டட வேலைக்கு ரயிலேறுகிறவர், பார்வை இல்லாதவர், பிளாட்பாரத்தில் கைக்குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கும் தாய், இவர்களுக்கெல்லாம் நடைமேடை எண் காது வழியாகத்தான் போய்ச் சேரும். போர்டு விற்றுப் பிழைக்கிறவன் நான். இருந்தாலும் திரையும் இருக்கட்டும், குரலும் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

எனக்கு மிகவும் நிறைவு தந்த வேலை எங்கள் பக்கத்து உழவர் சந்தைப் பலகைதான். 1999-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை தொடங்கிய நாளிலிருந்தே அந்தச் சந்தைகளின் உயிர் விலைப் பலகையில்தான் இருக்கிறது. அன்றைய விலையைக் காலையிலேயே முடிவு செய்து எழுதிப் போட்டுவிடுவார்கள். மொத்த விலையைவிட விவசாயிக்குக் கூடக் கிடைக்கும், வெளிக்கடை விலையைவிட வாங்குகிறவருக்குக் குறையும். பலகை சரியாக இருந்தால் பேரம் பேச வேண்டியதே இல்லை.

அங்கே மாட்டிய போர்டில் 24 காய்கறி. பெயரை அசையாத எழுத்தில் பெயின்டரை வைத்து எழுதவைத்தேன், விலை எண் மட்டும் எல்.இ.டி. மாறுவது எண் மட்டும்தானே, பெயருக்கு எதற்கு விளக்கு? மின்சாரமும் மிச்சம், புள்ளி போகிற கவலையும் இல்லை. சந்தை அலுவலர் போனில் விலையைப் போட்டால் அந்தந்தக் காய்க்கு நேரே எண் மாறும்.

முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்குப் போய் நின்றேன். கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கத்தரிக்காய்க்கு எதிரே எண் மாறியதும் ஒரு அக்கா தன் கடையில் தொங்கிய சிலேட்டைத் துடைத்து அதே எண்ணைச் சாக்பீஸால் எழுதினார். "அதான் அங்க பெருசா தெரியுதேக்கா, இது எதுக்கு?" என்று கேட்டேன். "கரண்டு போனா?" என்றார்.

ஏழு மணிக்குக் கரண்டு போயிற்று. போர்டில் எண்கள் எல்லாம் அணைந்து, பெயின்ட் எழுத்தில் காய்களின் பெயர் மட்டும் நின்றது. சந்தை நிற்கவில்லை. எல்லாக் கடையிலும் சிலேட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் ஒரு பேட்டரி கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். சிலேட்டுகளை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம் என்று அலுவலரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.